குவாண்டம் நிகழ்தகவுக்கு வேறு தர்க்கம் வேண்டுமா?

கேள்வி: பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு வாசகர், 2025 பிப்ரவரி 8

குவாண்டம் இயக்கவியலில் நிகழ்தகவின் கூட்டல் விதி பொய்த்துப்போகிறது என்றும், அங்கே "மற்றும்", "அல்லது" ஆகியவற்றின் தர்க்கமே வேறு என்பதுதான் அதற்குக் காரணம் என்றும் ஓர் உரையில் கேட்டேன். அப்படியானால் நாம் படித்த தர்க்கம் அங்கே செல்லாதா? தர்க்கத்தை மாற்றிக்கொண்டால் நிகழ்தகவு பற்றிய புதிர் தீர்ந்துவிடுமா?

பிப்ரவரி 9, காலை

தீராது என்பது என் கருத்து. ஆனாலும் அந்த உரையாளர் சொன்னதற்கு வலுவான அடிப்படை உண்டு. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1936இல் காரெட் பிர்காஃபும் ஜான் வான் நியூமனும் சேர்ந்து எழுதிய கட்டுரையில், ஒரு பொருளைப் பற்றிய ஆம்-இல்லைக் கூற்று ஒவ்வொன்றையும் ஹில்பர்ட் வெளியின் (பொருளின் நிலைகளைத் திசைகளாகக் குறிக்கும் கணித வெளியின்) ஓர் உள்வெளியாக, அதாவது அதனுள் அடங்கும் கோடு, தளம் போன்ற ஒரு பகுதியாக எடுத்துக்கொண்டார்கள். "மற்றும்" என்பது இரண்டு உள்வெளிகளின் வெட்டு. "அல்லது" என்பது இரண்டையும் உள்ளடக்கும் மிகச் சிறிய உள்வெளி. "இல்லை" என்பது செங்குத்தாக அமையும் உள்வெளி. இப்படி வைத்துக்கொண்டால், "ஒரு கூற்று அல்லது அதன் மறுப்பு" என்பது எப்போதும் உண்மை என்ற விதியும், "ஒரு கூற்றும் அதன் மறுப்பும்" என்பது எப்போதும் பொய் என்ற முரணின்மை விதியும் நிலைத்து நிற்கின்றன. "அ, மற்றும் ஆ அல்லது இ" என்பதை "அ-வும் ஆ-வும், அல்லது அ-வும் இ-யும்" என்று பிரித்து எழுதலாம் என்கிற பங்கீட்டு விதிதான் விழுந்துவிடுகிறது.

செங்குத்தாகத் தளவிளைவுற்ற, அதாவது அலைவு செங்குத்துத் திசையில் அமைந்த, ஓர் ஃபோட்டானை (ஒளித்துகளை) எடுத்துக்கொள்வோம். "45 பாகை அல்லது 135 பாகை" என்பது வெளி முழுவதையும் அடைத்துக்கொள்வதால் அது எப்போதும் உண்மை. ஆகவே "செங்குத்து, மற்றும் 45 அல்லது 135" என்பதும் உண்மைதான். இதையே பிரித்து எழுதினால் "செங்குத்தும் 45உம்" அல்லது "செங்குத்தும் 135உம்" என்று வரும். இரண்டு வெட்டுகளிலும் சுழி வெக்டரைத் தவிர எதுவும் இல்லை, ஆகவே இரண்டும் பொய். இடப்பக்கம் உண்மை, வலப்பக்கம் பொய் என்றாகிவிடுகிறது.

இந்த "அல்லது" எப்படிக் கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 45 பாகைக் கோட்டையும் 135 பாகைக் கோட்டையும் உள்ளடக்கும் மிகச் சிறிய உள்வெளி ஒரு முழுத் தளம். அந்த இரண்டு கோடுகளிலும் சேராத எண்ணற்ற திசைகள் அதில் உண்டு. இரண்டு கூற்றுகளில் எதுவும் உண்மையாக இல்லாதபோதும் "இரண்டில் ஒன்று" உண்மையாகிவிடுவது இதனால்தான். இது மாபெரும் கண்டுபிடிப்பா, அல்லது நாமே தேர்ந்துகொண்ட வரையறையின் விளைவா என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

பிப்ரவரி 9, இரவு

கூட்டல் விதி பற்றி. இரட்டைப் பிளவுச் சோதனையில், முதல் பிளவு மட்டும் திறந்திருக்கும்போது திரையில் ஓரிடத்தில் எலெக்ட்ரான் விழும் நிகழ்தகவையும், இரண்டாவது மட்டும் திறந்திருக்கும்போது விழும் நிகழ்தகவையும் கூட்டினால், இரண்டும் திறந்திருக்கும்போது கிடைப்பது வருவதில்லை. இதைக் காட்டித்தான் நிகழ்தகவுக் கணக்கே மாறிவிட்டது என்கிறார்கள்; 1951இல் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் இந்தப் போக்கில்தான் எழுதினார். பெர்னார்ட் கூப்மன் 1955இல் அதற்குத் தந்த மறுமொழி எனக்கு இன்றும் போதுமானதாகத் தெரிகிறது. மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு அமைப்புகளில் அளக்கப்பட்டவை; ஒவ்வொன்றும் அதனதன் அமைப்பை நிபந்தனையாகக் கொண்ட நிகழ்தகவு. வெவ்வேறு நிபந்தனைகளின் கீழ் வந்த எண்கள் ஒன்றோடொன்று கூடித் தீர வேண்டும் என்று 1933இல் கோல்மகோரவ் வகுத்த அடிப்படைகளில் எங்கும் இல்லை.

ஆக, இரட்டைப் பிளவு அளவில் தர்க்கத்தையோ நிகழ்தகவுக் கணக்கையோ தொட வேண்டிய தேவை எழவில்லை. தேவை எழுகிற இடம் வேறு. அதைத் தனியாக எழுதுகிறேன்.

பிப்ரவரி 11

ஒரு திசையில் அலையும் ஒளியை மட்டும் கடக்கவிடும் போலராய்டு தகடுகளைக் கையில் வைத்துப் பார்த்ததுண்டா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பார்த்திருக்கிறேன். எஸ்.பி. ரோட்டில் பழைய திரைகளைப் பிரித்து விற்கும் கடைகளில் அந்தத் தகடு கிடைக்கும். இரண்டு துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து மேல்துண்டைத் திருப்பிக்கொண்டே போனால், 90 பாகையில் வெளிச்சம் ஏறக்குறைய அணைந்துவிடும். விலை குறைந்த தகடாக இருந்தால் முழுக் கறுப்பு வராது, அடர்ந்த ஊதா ஒன்று கசியும். அப்போது மூன்றாவது துண்டை 45 பாகையில் சாய்த்து இரண்டுக்கும் நடுவே செருகினால், அது மூடியிருக்கும் பரப்பில் மட்டும் வெளிச்சம் திரும்ப வரும். வடிகட்டியைக் கூட்டியதால் வெளிச்சம் கூடுகிறது. குறையில்லாத தகடுகளுக்குக் கணக்கு இது: முதல் தகட்டைக் கடந்ததில் பாதி நடுத்தகட்டையும், அதில் பாதி கடைசித் தகட்டையும் கடக்கும், ஆகக் கால் பங்கு.

இதை வைத்து ஃபோட்டான்களின் தர்க்கம் வேறு என்று நிறுவ முடியாது. ஒளியை மின்காந்த அலையாக எடுத்துக்கொண்டால் எந்தக் கோணத்தில் எவ்வளவு ஒளி தகட்டைக் கடக்கும் என்று சொல்லும் மாலஸ் விதியே இதை முழுவதும் விளக்கிவிடுகிறது. நிகழ்தகவு என்ற பேச்சே வராது. ஒளி ஒற்றை ஒற்றை ஃபோட்டானாக வந்து, ஒவ்வொன்றும் முழுதாகக் கடக்கிறது அல்லது முழுதாகத் தடுக்கப்படுகிறது என்று காட்டும்போதுதான் அந்தக் கால் பங்கு நிகழ்தகவாக மாறுகிறது. கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே ஆகிய மூவரும் 1986இல் ஒற்றை ஃபோட்டான்கள் பாதியாகப் பிளவுபடுவதில்லை என்று காட்டிய பிறகு இதில் ஐயத்துக்கு இடமில்லை.

பிப்ரவரி 15

இனி, உண்மையில் எது உடைகிறது என்பது. என் வேலை கணக்கெடுப்புத் தரவுகளைச் சரிபார்ப்பது. நீண்ட வினாப்படிவத்தை எல்லோரிடமும் முழுதாகக் கேட்க முடியாது என்பதால், ஒவ்வொரு குழுவிடமும் கேள்விகளில் ஒரு பகுதியை மட்டும் கேட்டுவிட்டு, விடுபட்ட கட்டங்களைப் பிறகு கணக்கின்மூலம் நிரப்புவோம். அந்த நிரப்பலுக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை இருக்கிறது: கேட்கப்படாத கேள்விக்கும் அந்த மனிதரிடம் ஒரு விடை இருந்தது, நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். இந்த நம்பிக்கையை இத்தனை ஆண்டுகளில் யாரும் என்னிடம் கேள்விக்கு உட்படுத்தியதில்லை.

ஆம்-இல்லைக் கேள்விகள் மூன்று இருப்பதாகக் கொள்வோம்: அ, ஆ, இ. மூன்று விடைகளில் ஏதேனும் இரண்டு ஒத்துப்போயே ஆக வேண்டும். ஆகவே எவரிடமும் மூன்று இணைகளில் இரண்டுக்கு மேல் வேறுபட முடியாது. எனவே அ-ஆ வேறுபடும் விகிதம், ஆ-இ வேறுபடும் விகிதம், அ-இ வேறுபடும் விகிதம் மூன்றையும் கூட்டினால் 2ஐத் தாண்டவே முடியாது. ஒரு குழுவிடம் அ, ஆ. மற்றொரு குழுவிடம் ஆ, இ. மூன்றாவது குழுவிடம் அ, இ கேட்கப்பட்டு, மூன்று குழுக்களிலும் 75 விழுக்காட்டினர் வேறுபட்ட விடை தந்தார்கள் என்று ஒரு கோப்பு வந்தால் கூட்டுத்தொகை 2.25. அந்தக் கோப்பை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். குழுக்கள் சமவாய்ப்பில் பிரிக்கப்படவில்லை, அல்லது விடைகள் இட்டுக்கட்டப்பட்டவை என்று குறிப்பெழுதுவேன்.

இயற்கை அப்படி ஒரு கோப்பைத்தான் தருகிறது. பின்னிப்பிணைந்த (அதாவது விடைகள் ஒன்றோடொன்று தொடர்புபட்டு வரும்) ஃபோட்டான் இணையின் ஒரு நிலையில், இருபுறமும் ஒரே கோணத்தில் அளந்தால் விடைகள் எப்போதும் ஒத்துப்போகும். இரண்டு கோணங்களுக்கும் 60 பாகை இடைவெளி இருந்தால் விடைகள் வேறுபடும் நிகழ்தகவு சைன் 60இன் வர்க்கம், அதாவது முக்கால். அ, ஆ, இ என்ற கேள்விகளாக அளவைக் கோணங்களை 0, 60, 120 பாகை என்று வைத்தால் மூன்று இணைகளுக்கும் இடைவெளி 60 பாகைதான். தளவிளைவுக்கு 120 பாகை இடைவெளியும் 60 பாகை இடைவெளியும் ஒன்றே. கூட்டுத்தொகை 2.25. ஒரே கோணத்தில் ஒத்துப்போவது நூற்றுக்கு நூறு என்பதால், இடப்பக்க ஃபோட்டானின் விடை வேறு, வலப்பக்க ஃபோட்டானின் விடை வேறு என்று தப்பிக்கவும் முடியாது.

இந்த வகைச் சமனின்மைகளை முதலில் தேடியவர் ஜார்ஜ் பூல். நாம் பள்ளியில் படித்த இரும மதிப்புத் தர்க்கத்துக்கு இயற்கணித வடிவம் தந்த அதே பூல், தரப்பட்ட விகிதங்கள் எல்லாம் ஒரே தொகுதியிலிருந்து வந்தவையாக இருக்க அவை எந்த நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும் என்று 1862இல் ஆராய்ந்தார். ஜான் பெல் 1964இல் கண்ட சமனின்மை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை இத்தமார் பிட்டோவ்ஸ்கி பின்னாளில் எடுத்துக்காட்டினார்.

இங்கே ஒவ்வொரு இணையையும் தனியாகப் பாருங்கள். அ-ஆ அட்டவணையில் நான்கு கட்டங்கள், அவற்றின் கூட்டுத்தொகை 1. பங்கீட்டு விதி உட்பட எல்லா விதிகளும் அதற்குள் நிற்கின்றன. மற்ற இரண்டு அட்டவணைகளும் அப்படியே. மூன்றையும், எல்லாக் கேள்விகளின் விடைகளையும் ஒருசேரக் காட்டும் ஒரே பேரட்டவணையின் பகுதிகளாக ஒட்ட முற்படும்போதுதான் ஒட்ட மறுக்கின்றன. நான்கு கோணங்களைக் கொண்ட பெல் சோதனைக்கு இதைத் துல்லியமான தேற்றமாகவே ஆர்தர் ஃபைன் 1982இல் நிறுவினார்: சமனின்மைகள் நிறைவேறினால் பேரட்டவணை உண்டு, மீறப்பட்டால் இல்லை. ஆகவே உடைவது "அல்லது" என்ற இணைப்பு அல்ல, எல்லா விடைகளையும் ஒருசேர உள்ளடக்கும் பொதுவான கூறுவெளி ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை.

பிப்ரவரி 16

ஜெயநகர் நண்பர் ஒருவர் மெய்யியலாளர் ஹிலாரி புட்னமை முன்வைக்கிறார். யூக்ளிடின் வடிவியலைச் சார்பியல் கோட்பாடு திருத்தியதுபோல இரும மதிப்புத் தர்க்கத்தைக் குவாண்டம் இயக்கவியல் திருத்துகிறது, தர்க்கமும் அனுபவத்துக்கு உட்பட்டதே என்று புட்னம் 1968இல் வாதிட்டார். துணிச்சலான வாதம், அதன் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால் பங்கீட்டு விதியை மட்டும் விட்டுவிட்டால் ஒவ்வோர் அளவைக்கும் முன்கூட்டியே விடை உண்டு என்ற நிம்மதியைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் அதன் உயிர்நாடி. அதற்கு முந்தைய ஆண்டே கோஷனும் ஸ்பெக்கரும் வெளியிட்ட தேற்றம் அந்த நிம்மதியைத் தர மறுக்கிறது. முப்பரிமாண வெளியில் 117 திசைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தான ஒவ்வொரு மூன்றிலும் சரியாக ஒன்றுக்கு மட்டும் "ஆம்" என்று குறிக்க முயன்றால் எங்கேனும் முரண்பாடு வந்தே தீரும் என்று அவர்கள் காட்டினார்கள். எண்ணிக்கையைப் பின்வந்தவர்கள் 33 ஆகவும் 31 ஆகவும் சுருக்கினார்கள். புட்னமும் பிற்காலத்தில் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டார்.

இதோடு இன்னொன்று. ஹான்ஸ் ரைஷன்பாக் 1944இல் மூன்று மதிப்புத் தர்க்கம் ஒன்றைப் பரிந்துரைத்தார். கிறிஸ் ஐஷமும் ஜெரெமி பட்டர்ஃபீல்டும் 1998இலிருந்து முன்னெடுத்த வழியில் பங்கீட்டு விதி நிலைக்கிறது; "ஒன்று அது, அல்லது அதன் மறுப்பு" என்ற விதிதான் போகிறது. ஒரே இயற்பியலுக்கு ஒன்றோடொன்று பொருந்தாத மூன்று தர்க்கங்கள் கிடைக்குமானால், இயற்கையே தர்க்கத்தை மாற்றச் சொல்கிறது என்ற கூற்று வலுவிழக்கிறது.

பிப்ரவரி 20

"அப்படியானால் பிர்காஃப்-வான் நியூமன் கட்டமைப்பால் எந்தப் பயனும் இல்லையா?" என்று கேள்வி கேட்டவரே திரும்பக் கேட்டிருக்கிறார். பெரும்பயன் உண்டு. 1957இல் ஆண்ட்ரூ கிளீசன் நிறுவிய தேற்றம் இதுதான்: பரிமாணம் மூன்றோ அதற்கு மேலோ உள்ள ஹில்பர்ட் வெளியில், உள்வெளிகளுக்கு நிகழ்தகவுகளை வழங்கி, ஒன்றுக்கொன்று செங்குத்தான உள்வெளிகளின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் அவற்றைச் சேர்த்த உள்வெளியின் நிகழ்தகவு வர வேண்டும் என்று மட்டும் நிபந்தனை விதித்தால், அந்த நிகழ்தகவுகள் பொருளின் நிலையைக் குறிக்கும் அடர்த்திச் செயலியிலிருந்து கிடைக்கும் வழக்கமான குவாண்டம் விதிப்படிதான் அமைய முடியும். வேறு வழியே இல்லை. மாக்ஸ் போர்ன் 1926இல் தம் கட்டுரையின் அடிக்குறிப்பில் எழுதிச் சேர்த்த விதி, அதாவது அலையின் வீச்சின் வர்க்கமே நிகழ்தகவு என்ற போர்ன் விதி, இங்கே கூற்றுகளின் கட்டமைப்பிலிருந்தே பிதுங்கி வருகிறது. இந்தத் தேற்றத்தை முதன்முறை வரிவரியாகப் படித்து முடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பரிமாணம் இரண்டுக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒற்றை ஃபோட்டானின் தளவிளைவு அப்படிப்பட்ட இரு பரிமாண வெளிதான். அதற்கு எல்லாக் கோணங்களுக்கும் முன்கூட்டியே விடை வைத்திருக்கும் பேரட்டவணை ஒன்றைக் கட்டிவிட முடியும் என்று பெல்லும், கோஷனும் ஸ்பெக்கரும் செய்தே காட்டினார்கள். பிப்ரவரி 9இல் நான் தந்த 45-135 உதாரணத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள்: அங்கே பங்கீட்டு விதி விழுகிறது, ஆனாலும் பேரட்டவணை சாத்தியம். ஆகவே பங்கீட்டு விதி விழுவது மட்டும் புதிருக்குக் காரணமாக முடியாது. இந்த விவாதத்தில் எனக்கு மிக உறுதியாகத் தெரிவது இதுதான்.

பிப்ரவரி 23

அல்சூரில் ஞாயிறுதோறும் கூடும் எங்கள் வாசிப்பு வட்டத்தில் இன்று இதைப் பேசியபோது, மூத்தவர் ஒருவர் சமணரின் அத்தி-நாத்தி வாதத்தை நினைவூட்டினார். "ஒரு நோக்கில் உண்டு, ஒரு நோக்கில் இல்லை, ஒரு நோக்கில் சொல்லொணாதது" என்பவற்றைச் சேர்த்தும் பிரித்தும் ஏழு வகைக் கூற்றுகள். இதை வெறும் பெருமிதப் பேச்சாகத் தள்ளிவிடக் கூடாது. பி.சி. மகலனோபிஸ் 1954இல் புள்ளியியலின் அடிப்படைகளைப் பற்றி எழுதும்போதும், ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957இலும் இதைக் கருத்தோடு ஆராய்ந்தார்கள். நம் பெங்களூரிலேயே, இந்திய அறிவியல் கழகத்தில், புரதங்களின் வடிவத்துக்கான வரைபடத்தால் உலகறிந்த ஜி.என். ராமச்சந்திரன் பிற்காலத்தில் தர்க்கத்தின் பக்கம் திரும்பி, 1980களின் தொடக்கத்தில் "ஸ்யாத் நியாய" முறை என்று ஒன்றை வகுத்தார். ஒவ்வொரு கூற்றையும் இரண்டு கூறுகள் கொண்ட பூலிய வெக்டராக எழுதுவார்: (1,0) உண்மை, (0,1) பொய், (1,1) ஐயம், (0,0) முரண்.

நான் அதைத் தேடிப் படித்தது பெரும் ஆவலோடுதான். ஆனால் நான்கு மதிப்புகள் கொண்ட அந்த அமைப்பு ஒரு பூலிய இயற்கணிதம். பங்கீட்டு விதி அதில் முழுதாக நிற்கிறது. (1,1) என்பது நமக்குத் தெரியாததைக் குறிக்கிறதே ஒழிய, பல நிலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சேர்ந்த குவாண்டம் மேற்பொருந்து நிலையை அன்று. சொல்லொணாத நிலையை அப்படியே மேற்பொருந்து நிலையாகக் கொள்வதும் பொருந்தாது. ஏனெனில் மேற்பொருந்து நிலையைத் துல்லியமாகச் சொல்லவும், வேறொரு கோணத்தில் அளந்து உறுதியான விடையைப் பெறவும் முடியும். சமணரிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது, "எந்த நோக்கில்?" என்று கேட்காமல் எந்தக் கூற்றையும் ஏற்காத அந்தக் கண்டிப்பு. எந்த அளவையின் பின்னணியில் என்று சொல்லாத குவாண்டம் கூற்று அரைகுறையானது என்பதில் அவர்கள் நம்மோடு உடன்படுவார்கள் என்று நம்புகிறேன். ஆனால் எந்த நோக்குகள் ஒன்றுசேரும், எவை சேரா என்ற கணக்கு அங்கே இல்லை. அது ஹில்பர்ட் வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பிப்ரவரி 24

15ஆம் தேதிக் குறிப்புக்கு ஓர் எல்லை வைக்க வேண்டும். குவாண்டம் இயக்கவியலுக்கு டேவிட் போம் 1952இல் தந்த வடிவத்தில் துகள்களுக்கு எப்போதும் இடம் உண்டு, தர்க்கம் பழையதே, நிகழ்தகவு தொடக்க இடங்களைப் பற்றிய நம் அறியாமையே. விடை அளவைக் கருவியின் முழு அமைப்பையும், தொலைவில் உள்ள மற்றக் கருவியையும்கூடச் சார்ந்து உருவாகிறது என்று அது விலை கொடுக்கிறது. ஆகவே முழுமையான கூற்று இப்படி இருக்க வேண்டும்: தொலைவில் என்ன கேட்கப்பட்டது என்பதைச் சாராத விடைகள் கொண்ட பேரட்டவணை இல்லை. போமின் விலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கொடுப்பவர்களைப் பகுத்தறிவற்றவர்கள் என்று சொல்லவும் மாட்டேன்.

மார்ச் 2

அப்படியானால் அந்த முக்கால் என்ற எண் எதைக் குறிக்கிறது? கிளீசன் எண்ணைத் தருகிறார், அதன் பொருளைத் தரவில்லை. என் தொழிலில் நிகழ்தகவு என்பது அறியாமையின் அளவு. ஏற்கெனவே இருக்கும் விடை ஒன்றை நான் அறியேன் என்பதே அதன் பொருள். போமின் வழியை ஏற்காதவருக்கு அந்தப் பொருள் இங்கே கிட்டாது. அறிய வேண்டிய விடையே இன்னும் இல்லாதபோது எதை அறியாதிருப்பது?

கிறிஸ்டஃபர் ஃபுக்ஸ், ரூடிகர் ஷாக் முதலியோர், இது ஒருவர் தம் எதிர்கால அனுபவத்தின் மேல் கட்டத் துணியும் பந்தயம் என்கிறார்கள். அப்பந்தயங்கள் ஒன்றோடொன்று முரண்படாதிருக்கப் பின்பற்ற வேண்டிய கூடுதல் நெறியே போர்ன் விதி என்பது அவர்கள் நிலைப்பாடு. அகமுரண் அற்ற பார்வை. ஆயினும் கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 5,730 ஆண்டுகள் என்பது, பந்தயம் கட்ட மனிதரே இல்லாத காலத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்ற எண்ணத்தை என்னால் கைவிட முடியவில்லை. அதனால் நான் கார்ல் பாப்பர் 1950களில் முன்வைத்த இயல்நாட்டம் என்ற கருத்தின் பக்கம் சாய்கிறேன்: நிகழ்தகவு என்பது பொருளும் கருவியும் சேர்ந்த முழு அமைப்புக்கு உரிய பண்பு.

இதற்கும் ஒரு முள் உண்டு. காரணத்திலிருந்து விளைவுக்கு நாட்டம் இருக்கலாம். விளைவிலிருந்து காரணத்துக்கு நாட்டம் என்பதற்குப் பொருளில்லை. ஆனால் நிபந்தனை நிகழ்தகவோ இரு திசையிலும் கணக்கிடத் தக்கது. பால் ஹம்ஃப்ரீஸ் 1985இல் எழுப்பிய இந்தத் தடைக்கு முழு விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சாத்தியமான எல்லா விடைகளும் வெவ்வேறு உலகங்களில் நிகழ்கின்றன என்ற எவரெட்டின் பல உலகங்களைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு வரி: எல்லாமே நிகழ்கிறது என்றால் முக்காலுக்கும் காலுக்கும் என்ன வேறுபாடு என்பதற்கு டேவிட் டாய்ச் 1999இல் முடிவெடுப்புக் கோட்பாட்டைக்கொண்டு தந்த விடை என்னை நிறைவுபடுத்தவில்லை.

மார்ச் 5

இந்த ஊரோடு நெருங்கிய தொடர்புள்ள ஒரு சோதனையைச் சொல்லாமல் விட்டால் இழை குறைபட்டுவிடும். ரஃபேல் சார்க்கின் 1994இல் இப்படிக் கேட்டார்: இரண்டு பிளவுகளில் கூட்டல் பொய்க்கிறது, மூன்று பிளவுகளில் புதிதாக ஏதேனும் பொய்க்கிறதா? மூன்றும் திறந்த நிலையின் மதிப்பிலிருந்து, இரண்டிரண்டாகத் திறந்த மூன்று மதிப்புகளைக் கழித்து, ஒவ்வொன்றாகத் திறந்த மூன்று மதிப்புகளைக் கூட்டினால், போர்ன் விதிப்படி சுழி வர வேண்டும். உர்பசி சின்ஹாவும் உடனுழைத்தவர்களும் கனடாவின் வாட்டர்லூவில் ஒளியைக்கொண்டு இதை அளந்து, மூன்று பாதைக் குறுக்கீடு (அந்தச் சுழியிலிருந்து விலகல்) இருந்தாலும் அது எதிர்பார்க்கப்படும் இரண்டு பாதைக் குறுக்கீட்டில் நூற்றில் ஒரு பங்குக்குக் குறைவே என்று 2010இல் வெளியிட்டார்கள். பிறகு அவர் சதாசிவநகரில் உள்ள ராமன் ஆய்வு நிறுவனத்தில் ஆய்வகம் அமைத்தார். ஒரு பிளவில் நுழைந்து மற்றொன்றின் வழியே சுற்றிவரும் பாதைகளையும் கணக்கில் எடுத்தால் அந்தச் சுழியே சற்று விலகும் என்று 2014இல் அங்கிருந்து கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த விலகல் போர்ன் விதியின் மீறல் அன்று, பிளவுகளைத் தனித்தனி அலைகளாகக் கருதிய எளிமையாக்கத்தின் எச்சம்.

நம் கேள்விக்கு இது நேரடியாகப் பயன்படுகிறது. தர்க்கமே தலைகீழாகிவிட்டது என்றால் மூன்று, நான்கு பிளவுகளில் எதுவும் நடக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டும். நடப்பதோ, ஒரே ஒரு படி மட்டும் விலகி, அதற்கு மேல் கடும் ஒழுங்கோடு நிற்கும் ஒரு கணக்கு.

மார்ச் 6

2.25 என்ற என் எண் அப்படியே சோதிக்கப்பட்டதா என்று ஒருவர் கேட்கிறார். ஒரே கோணத்தில் நூற்றுக்கு நூறு ஒத்துப்போகிறது என்ற நிபந்தனையை எந்தக் கருவியாலும் முழுமையாக நிறைவேற்ற முடியாது. அதனால் சோதனைகளில் பெரும்பாலும் அந்த நிபந்தனை தேவைப்படாத, நான்கு கோணங்கள் கொண்ட 1969ஆம் ஆண்டு வடிவத்தையே பயன்படுத்துகிறார்கள். அதில் கூட்டப்படும் அளவு வேறு; அதற்குப் பேரட்டவணை அனுமதிக்கும் உச்சம் 2. குவாண்டம் இயக்கவியல் அனுமதிக்கும் உச்சம் 2√2, அதாவது சுமார் 2.83. நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டில் 2015இல், 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் வைத்த இரண்டு எலெக்ட்ரான் தற்சுழற்சிகளில் அளந்தபோது கிடைத்தது 2.42, பிழை வரம்பு 0.20.